அகாலி அரசியலைப் புரிந்துகொள்ள: பிரகாஷ் சிங் பாதலின் எழுபத்தைந்து ஆண்டுகள்

அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்துக்குள், சீக்கியர்களின் உச்ச சமயபீடமான அகால் தக்த் கட்டடத்தின் அருகே, துணி சுற்றிய இரண்டு கொடிமரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவில் ஒரு சின்னம் இரண்டையும் பிணைத்திருக்கிறது. ஒன்றின் பெயர் மீரி, அது உலகியல் அதிகாரத்தைக் குறிக்கிறது. மற்றொன்றின் பெயர் பீரி, அது ஆன்மிக அதிகாரத்தைக் குறிக்கிறது. பீரியின் கொடிமரம் மற்றதைவிடச் சற்றே உயரம். சீக்கியர்களின் ஆறாம் குருவான ஹர்கோவிந்த், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த இரண்டு அதிகாரங்களையும் குறிக்கும் வகையில் இரண்டு வாள்களை அணிந்துகொண்டார் என்பது சீக்கிய மரபு. அவற்றுக்குத்தான் இந்தக் கொடிமரங்கள் உருவம் தருகின்றன. பஞ்சாப் அரசியலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்த இரண்டு மரங்களையும் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். சமயமும் அரசியலும் வேறு வேறு அறைகளில் இருக்க வேண்டியவை என்ற எண்ணத்தோடு அணுகினால், அங்கே நடக்கும் பாதிச் செய்திகள் விளங்காமலே போய்விடும்.

செய்தித்தாள்களில் ‘பந்தக் கட்சி’, ‘பந்தக் வாக்குகள்’, ‘பந்தக் அரசியல்’ என்ற தொடர்கள் அடிக்கடி வருகின்றன. பந்த் என்றதும் தமிழ் வாசகருக்குக் கடையடைப்புதான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தப் பந்த், ‘வழி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வழியைக் குறித்த சொல் காலப்போக்கில் அந்த வழியில் நடப்போரின் திரளையும் குறிக்கலாயிற்று. சீக்கியர்கள் தங்களை ஒரு சமயத்தினர் என்ற அளவில் மட்டும் நினைக்காமல், தமக்கென நிறுவனங்களும் பொது முடிவுகளும் தலைமையும் கொண்ட ஒரே சமூகமாகக் கருதும்போது தம்மைப் பந்த் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சமூகத்தின் சார்பில் தேர்தல் அரசியலில் நிற்பதாகச் சொல்லும் கட்சி பந்தக் கட்சி. சிரோமணி அகாலி தளம் அப்படிப் பிறந்த கட்சி.

இந்தக் கருத்தை வரையறைகளால் விளக்குவதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து விளக்குவது எளிது. அந்த மனிதர் பிரகாஷ் சிங் பாதல். ஐந்து முறை பஞ்சாப் முதலமைச்சராக இருந்தவர். 1947இல் ஊராட்சித் தலைவராகத் தொடங்கி, 2022இல் 94 வயதில் கடைசித் தேர்தலில் நின்று தோற்று, 2023 ஏப்ரல் 25 அன்று மறைந்தார். குருத்வாரா, வயல், நகரத்து இந்து வாக்காளரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒரே கையில் பிடித்திருந்தவரை அவர் வென்றார். அவற்றில் ஒவ்வொன்றாக நழுவியபோது அவருடைய கட்சி சரிந்தது.

முதலில் கட்சியின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான குருத்வாராக்கள் மகந்துகள் எனப்பட்ட பரம்பரை நிர்வாகிகளின் கையில் இருந்தன. நிலமும் காணிக்கையும் ஏராளம், முறைகேடுகளும் ஏராளம், ஆங்கில அரசின் ஆதரவும் அவர்களுக்கு இருந்தது. குருத்வாராக்களைச் சமூகத்தின் பொறுப்பில் கொண்டுவரும் போராட்டத்துக்காக 1920 நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. அடுத்த மாதமே, டிசம்பர் 14 அன்று, அதன் தொண்டர் படையாக அகாலி தளம் உருவானது. 1921 பிப்ரவரியில் நான்கானா சாகிப் குருத்வாராவில் மகந்தின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சீக்கியர்களைக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். முடிவில் 1925இல் சீக்கிய குருத்வாராக்கள் சட்டம் வந்தது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் கமிட்டியைச் சீக்கியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதனுடன் வந்தது.

இந்தக் கமிட்டியைச் சீக்கியர்களின் சிறு பாராளுமன்றம் என்று சொல்வதுண்டு. 170 உறுப்பினர்கள் தேர்தலில் வருகிறார்கள், இன்னும் சிலர் நியமிக்கப்படுகிறார்கள். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடங்கள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எல்லாம் அதன் பொறுப்பில் உள்ளன. அகால் தக்தின் தலைவரான ஜதேதாரை நியமிப்பதும் அதே கமிட்டிதான். ஆனால் அந்த ஜதேதாருக்கு, எந்தச் சீக்கியரையும், அவர் முதலமைச்சராகவே இருந்தாலும், முன்னால் அழைத்து விசாரித்துச் சமயத் தண்டனை விதிக்கும் உரிமை மரபுப்படி உண்டு. ஆக, கட்சி கமிட்டித் தேர்தலில் வெல்கிறது, கமிட்டி ஜதேதாரை நியமிக்கிறது, ஜதேதாரோ கட்சித் தலைவரையே நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது. அகாலி அரசியலின் வலிமையும் அதன் தீராத சிக்கலும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

பாதல் 1927 டிசம்பர் 8 அன்று, மலோட் அருகே உள்ள அபுல் குரானா என்ற ஊரில், நிலமுள்ள ஜாட் சீக்கிய வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தில்லோன் அவருடைய குலப்பெயர். பாதல் என்பது அவருடைய சொந்தக் கிராமத்தின் பெயர். ஊர்ப்பெயரைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பஞ்சாபிலும் உண்டு. பிற அகாலித் தலைவர்களின் பெயரில் வரும் லோங்கோவால், பர்னாலா, தோரா எல்லாமே ஊர்ப்பெயர்கள்தாம். லாகூரில் இருந்த ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் அவர் படித்தார். நாடு பிரிந்த 1947இல் தம் ஊரின் சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பும் தறுவாய்.

அவருடைய ஊர் இருக்கும் பகுதி மால்வா. சட்லெஜ் ஆற்றுக்குத் தெற்கே பரந்து கிடக்கும் பருத்தி நிலமும் கோதுமை நிலமும் அது. பஞ்சாப் சட்டமன்றத்தின் 117 தொகுதிகளில் இன்று 69 மால்வாவில் உள்ளன. பொற்கோயில் இருக்கும் அமிர்தசரஸ் மாஜா பகுதியைச் சேர்ந்தது. சமய அதிகாரத்தின் மையம் ஒரு பக்கம், எண்ணிக்கையின் பலம் மறுபக்கம். மால்வாவின் பெரும் உழவர்களிலிருந்து தலைவர்கள் மேலெழுந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

1957இல் பாதல் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குச் சென்றபோது காங்கிரஸ் வேட்பாளராகவே நின்றார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தச் சமயத்தில் அகாலிகளும் காங்கிரசும் உடன்பாட்டில் இருந்தார்கள், அகாலிகள் பலர் காங்கிரஸ் சார்பில் போட்டியிட்டார்கள். அந்த உடன்பாடு நிலைக்கவில்லை. பஞ்சாபி பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற ‘பஞ்சாபி சூபா’ போராட்டம், முதலில் மாஸ்டர் தாரா சிங் தலைமையிலும் பிறகு சந்த் ஃபதே சிங் தலைமையிலும் வலுத்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை நிரப்பிய அந்தப் போராட்டத்தின் பயனாக 1966 நவம்பர் 1 அன்று இன்றைய பஞ்சாப் பிறந்தது, ஹரியானா பிரிந்தது. சண்டிகர் இரண்டுக்கும் பொதுவான தலைநகராக, மத்திய ஆட்சிப் பகுதியாக நின்றுவிட்டது. அந்தக் குறை இன்றுவரை தீரவில்லை.

புதிய பஞ்சாபில் சீக்கியர்கள் பெரும்பான்மையினர். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படியும் அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 58 விழுக்காடுதான். சீக்கியர் எல்லோரும் அகாலிகளுக்கு வாக்களிப்பதும் இல்லை. காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் சீக்கியர் நடுவில் எப்போதும் வேர் இருந்தது. மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தலித்துகள், நிலம் பெரும்பாலும் ஜாட்டுகளிடம், அகாலித் தலைமையும் பெரும்பாலும் ஜாட்டுகளிடம். ஆகவே பந்த் என்ற சொல்லை மட்டும் முழங்கி ஆட்சியைப் பிடிப்பது அரிது. பந்தக் கட்சிக்கு வெளியிலிருந்து ஒரு துணை தேவைப்பட்டது. தொடக்ககாலக் கூட்டணி ஆட்சிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபோது இந்தப் பாடத்தைப் பாதல் அருகிலிருந்து கற்றார்.

1967 தேர்தலில் கிதர்பாஹா தொகுதியில் அவர் 57 வாக்குகளில் தோற்றார். இரண்டே ஆண்டுகளில் இடைக்காலத் தேர்தல் வந்தது, அதே தொகுதியில் வென்றார், அகாலி முதலமைச்சர் குர்னாம் சிங்கின் அமைச்சரவையில் அமைச்சர் ஆனார். கட்சித் தலைமையோடு குர்னாம் சிங்குக்கு ஏற்பட்ட பிணக்கில் அந்த ஆட்சி விழுந்தது. 1970 மார்ச் 27 அன்று, 42 வயதில், பாதல் முதலமைச்சரானார். இன்றைய பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தின் துணையோடு அமைந்த அந்தக் கூட்டணியும் மொழி, பல்கலைக்கழகம் பற்றிய பூசலில் அதே ஆண்டு முறிந்தது. 1971 ஜூனில் ஆட்சியே முடிந்தது.

பாதலைப் பற்றி எழுதுகிறவர்கள் விரைவாகக் கடந்துவிடும் காலம் 1975. அவசரநிலை அறிவிக்கப்பட்ட இரண்டே வாரங்களில், ஜூலை 9 அன்று, அகாலிகள் அமிர்தசரசில் மக்களாட்சியைக் காக்கும் மோர்ச்சாவைத் தொடங்கினார்கள். மோர்ச்சா என்றால் வெறும் ஆர்ப்பாட்டம் இல்லை. குருத்வாராவில் வேண்டுதல் செய்து, குழு குழுவாகப் புறப்பட்டு, கைதாகிச் சிறை செல்லும் ஒழுங்குபட்ட அறப்போர் அது. ஒரு குழு கைதானால் மறுநாள் அடுத்த குழு கிளம்பும். சாப்பாட்டைக் குருத்வாராவின் லங்கர் பார்த்துக்கொள்ளும். முதல் நாளிலேயே பாதல் உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். நாடே அச்சத்தில் வாயடைத்திருந்த மாதங்களில், ஒரு கோயில் வளாகத்திலிருந்து நாள்தோறும் ஆட்கள் சிறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. சமய நிறுவனம் ஓர் அரசியல் கட்சிக்கு எப்படித் தோள் கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1977இல் ஜனதா வென்றது. பாதல் மொரார்ஜி தேசாய் அரசில் சில மாதங்கள் வேளாண் அமைச்சராக இருந்தார். பிறகு ஜூனில் இரண்டாம் முறை பஞ்சாப் முதலமைச்சரானார். அகாலிகளுக்கு 58 இடங்கள், கூட்டாளியான ஜனதாவுக்கு 25. அந்த ஆட்சி 1980 பிப்ரவரி 17 அன்று, மீண்டும் பதவிக்கு வந்திருந்த இந்திரா காந்தியின் அரசால் கலைக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் கலைக்கப்பட்ட ஒன்பது மாநில அரசுகளில் தமிழ்நாட்டின் எம்.ஜி.ஆர். அரசும் ஒன்று. மாநில உரிமை என்ற சொல் பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் ஏன் ஒரே சூட்டோடு ஒலித்தது என்பதை அந்த நாள் விளக்கிவிடும்.

பஞ்சாபில் மாநில உரிமைக் கோரிக்கையின் எழுத்து வடிவம் 1973 அக்டோபரில் வந்த ஆனந்தபூர் சாகிப் தீர்மானம். சீக்கிய அடையாளத்துக்கு ஏற்பு, மத்திய அரசின் அதிகாரங்களைச் சில துறைகளுக்குள் சுருக்குவது, சண்டிகரைப் பஞ்சாபுக்குத் தருவது, ஆற்றுநீரில் நியாயமான பங்கு என்று சமயமும் உழவும் கூட்டாட்சியும் ஒரே தாளில் பின்னிக் கிடந்தன. டில்லியில் இருந்தவர்கள் அதைப் பிரிவினை ஆவணமாகப் படித்தார்கள். அகாலிகளோ அதிகாரப் பகிர்வுக்கான கோரிக்கை என்றார்கள். பஞ்சாபின் துயரக் காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவில் கழிந்தது.

அந்தக் காலத்தில் பாதலின் தடம் நேர்கோடாக இல்லை. அவருடைய இரண்டாம் ஆட்சியில், 1978 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரசில், மரபுவழிச் சீக்கியர்கள் ஏற்காத நிரங்காரி என்ற சமயப் பிரிவினரோடு நடந்த மோதலில் 13 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். பஞ்சாபின் வன்முறைக் காலத்தின் தொடக்கப்புள்ளியாகப் பலரும் அந்த நாளைச் சுட்டுகிறார்கள். ஹரியானாவுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் சட்லெஜ்–யமுனை இணைப்புக் கால்வாய்க்கு நிலம் எடுக்கும் அறிவிப்பும் அதே 1978இல் அவருடைய அரசிலேயே வெளிவந்தது. 1982 ஏப்ரலில் இந்திரா காந்தி கபூரி கிராமத்தில் கால்வாய் வேலையைத் தொடங்கிவைத்தபோது அகாலிகள் அதை எதிர்த்து மோர்ச்சா நடத்தினார்கள். 2016இல், தேர்தலுக்கு ஓராண்டு இருக்கையில், எடுத்த நிலத்தை உழவர்களுக்கே திருப்பித் தரும் மசோதாவை அவருடைய அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. பஞ்சாபில் தண்ணீர் என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதையும், ஆட்சியில் இருப்பவரும் போராட்டத்தில் இருப்பவரும் ஒரே மனிதராக இருக்கும்போது அவருடைய நிலைப்பாடு எப்படி வளைகிறது என்பதையும் இந்த ஒரு கால்வாயை வைத்தே பார்த்துவிடலாம்.

1984 பிப்ரவரியில் டில்லியில், சீக்கியர்களை இந்துக்களோடு சேர்த்துப் பேசும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவுக்கு எதிர்ப்புத் தெரிவித்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பாதல் கைதானார். அதே ஆண்டு ஜூனில், உள்ளே இருந்த ஆயுதக் குழுவினரை அகற்றப் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்தது. அக்டோபர் இறுதியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார், தொடர்ந்து டில்லியிலும் பிற இடங்களிலும் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். 1985 ஜூலையில் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்த அகாலித் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவால் ஒரு மாதத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். சண்டிகரைப் பஞ்சாபுக்குத் தருவதாக அந்த ஒப்பந்தம் குறித்திருந்த 1986 ஜனவரி 26 வந்து போனது, எதுவும் நடக்கவில்லை. சில மாதங்களில் முதலமைச்சர் சுர்ஜித் சிங் பர்னாலாவின் அகாலி அரசு பொற்கோயிலுக்குள் படையை அனுப்பியதைக் கண்டித்துப் பாதல் கட்சியிலிருந்து பிரிந்தார். 1992 தேர்தலை முக்கிய அகாலிப் பிரிவுகள் புறக்கணித்தன. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 24 விழுக்காடு மட்டுமே.

வன்முறை ஓய்ந்தபோது அகாலி தளம் பல துண்டுகளாகக் கிடந்தது. 1994இல் அகால் தக்தின் முயற்சியில் பல பிரிவுகள் இணைந்தபோது பாதல் சேராமல் தனித்து நின்றார். சமயத் தலைமையின் விருப்பத்துக்கு மாறாகக் கட்சியைத் தன் வழியில் நடத்துவது ஓர் அகாலித் தலைவருக்கு எளிய முடிவு இல்லை. மறு ஆண்டு கிதர்பாஹா இடைத்தேர்தலில் அவருடைய தம்பி மகன் மன்பிரீத் வென்றார். வாக்கு யார் பக்கம் இருக்கிறது என்பதற்கு அது விடையாக அமைந்தது.

அதற்கடுத்து வந்த 1996 பிப்ரவரி மோகா மாநாடுதான், என் மதிப்பீட்டில், பாதலின் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான நிகழ்வு. கட்சியின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு மாநாடு அது. பந்தின் கட்சி என்ற அடையாளத்திலிருந்து பஞ்சாபியர் அனைவரின் கட்சி என்ற அடையாளத்துக்கு அகாலி தளம் அங்கே நகர்ந்தது. ‘பஞ்சாப், பஞ்சாபி, பஞ்சாபியத்’ என்பது முழக்கமாயிற்று. கட்சியின் கதவு இந்துக்களுக்கும் திறந்தது. பதினைந்து ஆண்டுகளாகப் பிணம் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாநிலத்தில், பேருந்திலிருந்து இறக்கி மதம் கேட்டுச் சுட்ட கொடுமைகள் மக்களின் நினைவில் ஆறாமல் இருந்த காலத்தில், சீக்கியரும் இந்துவும் ஒரே மேடையில் வாக்குக் கேட்கலாம் என்று சொன்ன முடிவு அது. பாதலின் பிற செயல்களில் எத்தனை குறை சொன்னாலும், இந்த ஒன்றுக்காகப் பஞ்சாப் அவரை மரியாதையோடு நினைக்க வேண்டும் என்றே கருதுகிறேன். அவரை மிகக் கடுமையாகச் சாடும் பந்தக் குரல்களோ இதே மாநாட்டைத்தான் குற்றமாகச் சுட்டுகின்றன. பந்தைக் காக்கப் பிறந்த கட்சி அன்றைக்கே தன் முகத்தை இழந்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சியோடு கூட்டு வைத்து அகாலிகள் 8 இடங்களை வென்றார்கள். பிறகு பாரதிய ஜனதாவோடு கைகோத்தார்கள். 1997 சட்டமன்றத் தேர்தலில் அகாலிகளுக்கு 75, பாஜகவுக்கு 18. கணக்கு எளிது: கிராமத்து ஜாட் சீக்கியர் அகாலிக்கு, நகரத்து இந்து வணிகர் பாஜகவுக்கு. ஒருவர் வாக்கு மற்றவருக்குப் போய்ச் சேரும் வரை இருவரும் வெல்வார்கள். இந்தக் கூட்டணி ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது.

வயலுக்கு வருவோம். உழவர்களுக்கு இலவச மின்சாரம் என்பது பாதலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட திட்டம். நெல் பஞ்சாபின் பழைய பயிர் இல்லை. பசுமைப் புரட்சிக்குப் பின் அரசுக் கொள்முதலை நம்பிப் பெருகியது. ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் தண்ணீர், மின்கட்டணம் இல்லை, விளைந்ததை மண்டியில் கொட்டினால் குறைந்தபட்ச ஆதரவு விலை. உழவர் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. நிலத்தடி நீர் மட்டும் ஆண்டுக்காண்டு கீழே போயிற்று. இலவச மின்சாரம் தந்த அதே பாதலின் அரசு 2009இல், ஜூன் 10ஆம் நாளுக்கு முன் யாரும் நாற்று நடக்கூடாது என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. கொளுத்தும் வெயிலில் தேக்கிய தண்ணீர் ஆவியாகப் போவதைக் குறைக்க, மழைக்காலத்தை ஒட்டி நடவைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு அது. நல்ல சட்டம்தான். ஆனால் மின்சாரத்துக்கு விலை வைக்க எந்த அகாலி முதலமைச்சராலும் முடியாது என்பதையும் அது காட்டிவிட்டது.

அவர் ஆட்சி செய்த விதத்தை அருகிலிருந்து பார்க்க ‘சங்கத் தர்ஷன்’ உதவும். சங்கத் என்றால் குருத்வாராவில் கூடும் அடியார் கூட்டம். அந்தச் சொல்லையே எடுத்து, முதலமைச்சர் ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தார். பந்தலில் ஒரு பக்கம் அதிகாரிகள் கோப்புகளோடு உட்கார்ந்திருப்பார்கள், மறுபக்கம் ஊராட்சித் தலைவர்கள் மனுக்களோடு வரிசையில் வருவார்கள். குளத்தைத் தூர்வார வேண்டும், சுடுகாட்டுக்குக் கூரை வேண்டும், தெருவுக்குச் சாக்கடை வேண்டும். பாதல் பொறுமையாகக் கேட்டு அங்கேயே தொகையை ஒதுக்குவார். இருபது வயதில் சர்பஞ்சாக இருந்தவர் எண்பது வயதிலும் அதே சர்பஞ்சாக மக்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார் என்பது அதன் அழகு. எந்த ஊருக்கு எவ்வளவு என்பது திட்டமிட்ட முறையில் முடிவாகாமல் ஒருவர் கைப்பட முடிவாயிற்று என்பது அதன் குறை.

2002இல் காங்கிரசின் அமரீந்தர் சிங்கிடம் ஆட்சியை இழந்த பாதல் 2007இல் திரும்பி வந்தார். ரேஷன் குடும்பங்களுக்குக் கோதுமை மாவு கிலோ 4 ரூபாய், பருப்பு கிலோ 20 ரூபாய் என்ற வாக்குறுதி அப்போது பெரிதும் பேசப்பட்டது. 2012இல் அகாலிகள் 56, பாஜக 12 என்று மறுபடியும் வென்றார்கள். 1966க்குப் பின் பஞ்சாபில் ஆளுங்கட்சி ஒன்று அடுத்த தேர்தலிலும் வென்றது அதுவே முதல் முறை. நாற்பத்திரண்டு வயதில் முதலமைச்சரானவர் எண்பத்து நான்கு வயதில் ஐந்தாம் முறை பதவியேற்றார். இடையில் கட்சித் தலைமை 2008இல் மகன் சுக்பீர் சிங்கிடம் போயிற்று, அடுத்த ஆண்டு அவர் துணை முதலமைச்சரானார். மருமகள் ஹர்சிம்ரத் கவுர் பின்னர் மத்திய அமைச்சரானார். மன்பிரீத் மனக்கசப்போடு வெளியேறினார். போராட்டக் குழுக்களால் வளர்ந்த கட்சி ஒரு குடும்பத்தின் கட்சியாகிவிட்டது என்ற பேச்சு ஊருக்கு ஊர் எழுந்தது. கேபிள், பேருந்து, மணல் என்று தொழில்கள் மீதான குற்றச்சாட்டுகளும் போதைப்பொருள் பெருக்கமும் அதோடு சேர்ந்துகொண்டன. கட்சி மறுத்தாலும் இளைஞர்களின் கசப்பு வளர்ந்தது.

2015 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மால்வாவின் பருத்தியை வெள்ளை ஈ தின்று தீர்த்தது. செப்டம்பரில் தேரா சச்சா சௌதா என்ற சமய அமைப்பின் தலைவருக்கு, சீக்கியர் மனத்தைப் புண்படுத்திய பழைய வழக்கு ஒன்றில், அகால் தக்த் மன்னிப்பு வழங்கியது. மால்வாவில் அந்த அமைப்பைப் பின்பற்றுவோர் ஏராளம் என்பதால், இது வாக்குக்காக நடந்த ஏற்பாடு என்று மக்கள் கொதித்தார்கள். மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் ஃபரீத்கோட் மாவட்டத்தின் பர்காரி கிராமத்தில் குரு கிரந்த சாகிபின் பக்கங்கள் கிழிக்கப்பட்டுத் தெருவில் கிடந்தன. சீக்கியர்களுக்கு அந்நூல் வெறும் நூலன்று, உயிருள்ள குரு. இரவில் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, விடியலில் விதானத்தின் கீழ் எழுந்தருளச் செய்யப்படும் குரு. அந்தப் பக்கங்கள் மண்ணில் கிடந்த காட்சியின் வேதனையை வெளியில் இருப்பவர்கள் இதைக் கொண்டுதான் ஓரளவு உணர முடியும். எதிர்த்து உட்கார்ந்தவர்கள் மீது பெஹ்பல் கலானில் காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஆட்சியில் இருந்ததோ பந்தக் கட்சி.

2017இல் அகாலிகள் 15 இடங்களுக்குச் சுருங்கினார்கள். எதிர்க்கட்சி இடத்தைக் கூட ஆம் ஆத்மி எடுத்துக்கொண்டது. குருத்வாராவின் நம்பிக்கை இப்படிக் கைவிட்டுப் போனது. வயலின் நம்பிக்கை 2020இல் சோதனைக்கு வந்தது. மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை அகாலிகள் முதலில் ஆதரித்துப் பேசினார்கள், உழவர்களின் சீற்றத்தைக் கண்டபின் செப்டம்பரில் ஹர்சிம்ரத் பதவி விலகினார், சில நாட்களில் கூட்டணியும் முறிந்தது. உழவர்கள் டில்லி எல்லையில் டிராக்டர்களை நிறுத்தி உட்கார்ந்திருந்த டிசம்பரில், 93 வயதை எட்டவிருந்த பாதல், 2015இல் தமக்குத் தந்த பத்ம விபூஷண் விருதைத் திருப்பி அளித்தார். கூட்டணி போனதும் நகரத்து இந்து வாக்கும் போயிற்று. 2022இல் லம்பி தொகுதியில், அவர் 1997 முதல் தொடர்ந்து வென்ற மண்ணில், ஆம் ஆத்மி வேட்பாளரிடம் 11,396 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை 3 இடங்கள்.

அடுத்த ஆண்டு அவர் மறைந்தபோது, சொந்த ஊரில், தம் குடும்ப நிலத்திலேயே எரியூட்டினார்கள்.

அவரைப் பற்றிய தீர்ப்பு அதோடு முடியவில்லை. 2024 டிசம்பர் 2 அன்று அகால் தக்த், அகாலி ஆட்சிக்காலத்தின் தவறுகளுக்காகச் சுக்பீர் சிங் உள்ளிட்ட தலைவர்களுக்குச் சமயத் தண்டனை விதித்தது. காலில் எலும்பு முறிவோடு சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் துணை முதலமைச்சர், கழுத்தில் தண்டனைப் பலகை தொங்க, சேவகரின் நீல உடையில், கையில் ஈட்டியோடு பொற்கோயில் வாசலில் காவலிருந்தார், லங்கரில் பாத்திரம் கழுவினார். டிசம்பர் 4 அன்று அந்த வாசலிலேயே ஒருவர் அவரைச் சுட முயன்றார், காவலர் தடுத்ததால் குண்டு தவறியது. மறுநாளும் அவர் தண்டனையைத் தொடர்ந்தார். தண்டனை அறிவித்த அதே நாளில் ஜதேதார் இன்னொரு முடிவையும் வாசித்தார். 2011இல் பிரகாஷ் சிங் பாதலுக்கு அதே அகால் தக்த் வழங்கிய ‘பந்த் ரத்தன், ஃபக்ர்-ஏ-கௌம்’ (பந்தின் மணி, சமூகத்தின் பெருமை) என்ற பட்டம், அவர் இறந்து ஒன்றரை ஆண்டுக்குப் பின், திரும்பப் பெறப்பட்டது.